கப்பல் நேரம்



வரும் மாதம் நம் சபையாரில் சிலர் எபேசுவையும் பத்மு தீவையும் காணக் கடல்வழிப் பயணம் புறப்படுகிறார்கள். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவர்களில் ஒருவர் என்னிடம், "ஐயா, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சற்று நேரமாகிவிட்டால் கப்பல் நமக்காக நிற்குமா?" என்று கேட்டார். "நிற்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குருமனைக்கு நடந்துவிட்டேன். கேட்டவர் சற்று மனம் நொந்திருக்கக்கூடும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நான் இதுவரை முழுமையாக யாரிடமும் சொல்லாத ஒரு மதியவேளை இருக்கிறது. இந்த வாரம் அதை எழுதிவிடுகிறேன்.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதி. அப்போது வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். சபையார் இருபத்தாறு பேரை அழைத்துக்கொண்டு ஏதென்சுக்கு அருகிலிருந்து நான்கு நாள் கப்பல் பயணம் புறப்பட்டேன். இருபத்தாறு பேரில் பாதிக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. வயது எழுபத்து நான்கு. சேகரம் முழுவதற்கும் அவர் 'டீச்சரம்மா'. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வருகைப்பதிவு எடுத்த பழக்கம் அவர்களை விட்டுப் போகவேயில்லை. ஆலயத்தில் யார் எந்த வாரம் வரவில்லை என்பது எனக்குத் தெரியுமுன் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கப்பலில் ஏறிய முதல் நாளே விதிகளைச் சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதுவே அறையின் திறவுகோல், அதுவே அடையாளச் சீட்டு. இறங்கும்போது வாசலில் அதைக் கருவியில் காட்டவேண்டும். திரும்பி ஏறும்போதும் காட்டவேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பது இதன் வழியாக நொடிதோறும் கணினிக்குத் தெரியும். கப்பல் புறப்படும் நேரம் ஒன்று, பயணிகள் யாவரும் ஏறியிருக்கவேண்டிய நேரம் மற்றொன்று. பின்னது பெரும்பாலும் அரைமணி முந்தியது; அதுவே நமக்குரியது. எங்கள் கடவுச்சீட்டுகளை வரவேற்பறையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். துறைமுக அதிகாரிகளிடம் மொத்தமாகக் காட்டுவதற்கு அது வசதி என்றார்கள். அப்போது அதைப் பற்றி நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. ஐரோப்பிய நாடுகளில் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். துருக்கியில் 2016 முதல் இந்த வழக்கம் இல்லை. ஆகவே கோடைகாலம் முழுவதும் கிரேக்கத்திலும் துருக்கியிலும் ஒரே நேரம். குளிர்காலத்தில் துருக்கி ஒரு மணி முந்திப் போகிறது. நாங்கள் கப்பல் ஏறியது அந்த ஞாயிறுக்கு மறுநாள். கப்பல் கிரேக்க நேரத்தையே பின்பற்றும் என்று அறிவித்தார்கள். அன்றிரவு ஜெபம் முடிந்ததும் நான் எழுந்து, "நாளை துருக்கியில் இறங்குகிறோம். யாரும் கைக்கடிகாரத்தை மாற்றவேண்டாம். கைப்பேசியையும் நம்பவேண்டாம், எதிரே சாமு தீவு கிரேக்கருடையது, எந்தக் கரையின் அலை கிடைக்கிறதோ அந்தக் கரையின் நேரத்தை அது காட்டும். நமக்குக் கப்பல் நேரம் மட்டுமே நேரம்" என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். எல்லாரும் தலையசைத்தார்கள்.

செவ்வாய் காலை ஏழரைக்குக் குஷாதாசி துறைமுகத்தில் கப்பல் நின்றது. பகல் ஒரு மணிக்குப் புறப்பாடு. பன்னிரண்டரைக்கு யாவரும் உள்ளே இருக்கவேண்டும். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவுக்குச் செலவு அதிகம் என்று நாங்கள் வெளியே ஒரு பேருந்தும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்திருந்தோம். இதில் ஒரு வேறுபாடு உண்டு. கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் சென்ற பேருந்து வழியில் சிக்கிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். தாமாகப் போனவர்கள் தாமாகத்தான் திரும்பவேண்டும். இது எனக்குத் தெரியும். காலையில் பேருந்தில் ஏறியதும் எண்ணினேன். இருபத்தாறு. மேல்வாசலில் இறங்கியதும் எண்ணினேன். இருபத்தாறு. அப்பயணம் முழுவதும் என் வாய் ஓயாமல் சொன்ன சொல் அதுவே.

எபேசுவைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த வாரம் போதாது. இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் அமரக்கூடிய அந்த அரங்கத்தின் படிகளில் எங்கள் மூதாட்டிகள் அமர்ந்து கீர்த்தனை பாடினார்கள். தட்டான் தெமேத்திரியு கிளப்பிய கலகத்தைக் குறித்து நான் பேசினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசினேன் போலும். வழிகாட்டி இருமுறை கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அரங்கத்தின் முன்னிருந்து ஒரு நேரான சலவைக்கல் வீதி மேற்கே போகிறது. அது துறைமுக வீதி. அன்று அதன் முடிவில் கப்பல்கள் நின்றன. இன்று அதன் முடிவில் நாணல் நிற்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தை மூடிவிட, கடல் ஐந்து கிலோமீட்டருக்கும் அப்பால் விலகிவிட்டது. டீச்சரம்மா அந்த வீதியைக் கண்ணுக்குக் கை மறைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "கப்பல் நம்மை விட்டுப் போகும்னுதான் நெனச்சிருந்தேன் ஐயா. இங்க கடலே போயிட்டுதே" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம்.

திரும்பும் வழியில் செல்சுக் என்னும் சிற்றூர். அங்கே அயசுலுக் என்ற குன்றின்மேல் யோவான் அப்போஸ்தலரின் கல்லறை என்று நம்பப்படும் இடமும், அதன்மேல் ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் எழுப்பிய பேராலயத்தின் இடிபாடுகளும் உள்ளன. எங்கள் பயணத்திட்டத்தில் அது இல்லை. வயதானவர்களை மீண்டும் ஒரு குன்றேற்ற வேண்டாம் என்று நானே நீக்கியிருந்தேன். ஆனால் இறையியல் கல்லூரி நாட்களிலிருந்து யோவானின் சுவிசேஷமே என் ஊழியத்துக்கு ஊற்று. பேருந்து அக்குன்றின் கீழே போனபோது என்னால் அமர்ந்திருக்க முடியவில்லை. "நீங்கள் இவர்களைக் கப்பலில் சேர்த்துவிடுங்கள், நான் பார்த்துவிட்டு வாடகைக் காரில் வந்துவிடுகிறேன்" என்று வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் விரும்பவில்லை. பின்னர், "பன்னிரண்டரைக்கு வண்டியில் ஏறிவிடவேண்டும், அதற்குமேல் ஒரு நிமிடமும் கூடாது" என்று விரலுயர்த்திச் சொன்னார். சரி என்று இறங்கினேன்.

அவர் அந்த ஊர்க்காரர். அவர் சொன்னது அந்த ஊர்ப் பன்னிரண்டரை. கப்பல் நேரப்படி அது பதினொன்றரை. எனக்குக் கிடைத்த அவகாசம் முக்கால் மணி நேரம் மட்டுமே. கப்பலின் பன்னிரண்டரையும் வழிகாட்டியின் பன்னிரண்டரையும் என் தலைக்குள் ஒன்றாய்க் கலந்து, அங்கே ஒரே ஒரு பன்னிரண்டரை மட்டும் தங்கிவிட்டது. முந்தின இரவு பிரசங்கித்தவன் நான்தான்.

குன்றின்மேல் கூட்டமில்லை. நான்கு தூண்களுக்கிடையே ஒரு பளிங்குத் தளம்; அதுவே கல்லறை இருந்த இடம். அங்கிருந்து கீழே பார்த்தால் தியானாள் கோவில் இருந்த சதுப்பு நிலத்தில் ஒட்டிச் சேர்த்து நிறுத்திய ஒற்றைத் தூண் தெரியும். உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றாக எண்ணப்பட்ட கோவிலில் இன்று நின்றுகொண்டிருப்பது அது ஒன்றுதான். அருகே பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய ஈசா பே பள்ளிவாசல். ஈசா என்பது நம் ஆண்டவருடைய பெயரை அவர்கள் வழங்கும் விதம். கடிகாரத்தைப் பார்த்தேன்: பதினொன்று ஐம்பத்தைந்து. இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது என்று மனம் கணக்கிட்டது. ஒரு கல்லின்மேல் அமர்ந்து கண்ணை மூடினேன். என் சபையாரை ஒவ்வொருவராக நினைத்து ஜெபித்தேன். கீழிருந்து நண்பகல் தொழுகைக்கான அழைப்பு எழுந்தது. அது எத்தனை மணிக்குரியது என்று அப்போதாவது நான் கேட்டிருக்கலாம்.

எழுந்து நிதானமாக இறங்கி வாசலுக்கு வந்தேன். நுழைவுச்சீட்டு அறையின் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம். ஒரு மணி இரண்டு நிமிடம். என் கையில் பன்னிரண்டு இரண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வழிகாட்டி சொன்ன கெடு கடந்து அரைமணிக்கு மேலாகியிருந்தது. கப்பலில் ஏறியிருக்கவேண்டிய நேரத்துக்கு இருபத்தெட்டு நிமிடங்கள் இருந்தன. துறைமுகம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருந்தது. வாடகைக் கார் நிற்குமிடம் எங்கேயென்றும் நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

சாலைக்கு ஓடினேன். முதலில் வந்தது ஒரு சிற்றுந்து. அங்கே அதற்கு 'தோல்முஷ்' என்று பெயர். நிரம்பியது என்று பொருளாம். நம் ஊர் ஷேர் ஆட்டோவின் அண்ணன். அது கை காட்டிய இடமெல்லாம் நிற்கும். விட்டுவிட்டேன். அடுத்து ஒரு கார் கிடைத்தது. ஓட்டுநர் என்னைவிட மூத்தவர். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியார். அட்டையைக் காட்டினேன். "கெமி?" என்றார். அது கப்பலுக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல் என்று பின்னால் அறிந்தேன். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் பேசாமல் ஓட்டினார். சாலை கடற்கரையை அடைந்து மேலேறி வளைந்தபோது தூரத்தில் துறைமுகமும் வெண்ணிறக் கப்பலும் தெரிந்தன. நிற்கிறது என்பதைக் கண்டபோது ஆறுதல் வரவில்லை, அச்சமே கூடிற்று.

அந்த இருபது நிமிடங்களில் என் மனத்தில் ஓடியதைச் சொல்லவேண்டும். எனக்காகவா அஞ்சினேன்? முதலில் அப்படித்தான். கடவுச்சீட்டு கப்பலில் இருக்கிறது. அடுத்த துறை பத்மு. அது கிரேக்க நாடு. எதிர்க்கரையில் சாமு தீவின் மலை கண்ணுக்கெதிரே நிற்கிறது, ஆனால் கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை வைத்துக்கொண்டு அந்த நீரைக் கடக்க முடியாது. விசா, பயணச்செலவு, பேராயத்துக்குச் சொல்லவேண்டிய விளக்கம் என்று நினைவு ஓடியது. பிறகே அந்த இருபத்தாறு பேரும் நினைவுக்கு வந்தார்கள். பத்முவில் யார் அவர்களைப் படகில் ஏற்றி இறக்குவார்கள்? மொழி தெரியாதவர்கள், முழங்கால் வலியுள்ளவர்கள். மேய்ப்பன் ஒருவன் தன் ஆசைக்காக ஒரு குன்றேறிப் போனான் என்று ஊரில் அல்லவா பேசுவார்கள் என்று மீண்டும் என்னைப் பற்றியே நினைத்தேன்.

துறைமுக வாசலில் சோதனை வரிசை. அதைக் கடந்து கடைகளின் நடுவே ஓடி, கப்பலடிக்கு வந்தபோது என் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பத்தொன்று. மேல்தளக் கைப்பிடிகளில் பயணிகள் திரண்டிருந்தார்கள். பிந்தி ஓடிவருகிறவர்களைப் பார்ப்பது கப்பலில் ஒரு வேடிக்கை. சிலர் கைதட்டினார்கள். ஏணிப்பாலத்தின் அடியில் கப்பல் அதிகாரி ஒருவரும், கரையிலுள்ள கப்பல் முகவரின் ஆளும் நின்றார்கள். முகவருடைய கையில் கடவுச்சீட்டுகள். யாராவது வராமற்போனால் அவர்களுடைய கடவுச்சீட்டைக் கரையிலேயே ஒப்படைத்துவிட்டுக் கப்பல் போய்விடும். பிற்பாடு அவர்கள் நாடு திரும்பவாவது முடியவேண்டுமே. என் கடவுச்சீட்டை ஓர் அந்நியர் கையில் அப்படிக் கண்டதும் என் கால்கள் தளர்ந்தன.

ஆனால் அவர் கையில் ஒன்று இல்லை. இரண்டு இருந்தன.

அவருக்குப் பின்னால், பயணிகளுக்குத் தண்ணீர் கொடுக்கப் போட்டிருந்த கூடாரத்தின் நிழலில், ஒரு நாற்காலியில் டீச்சரம்மா அமர்ந்திருந்தார்கள். மடியில் கைப்பை. மற்றவர்கள் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது.

"டீச்சரம்மா! நீங்க ஏன் ஏறலை? மாத்திரையெல்லாம் மேல அறையில இருக்கே!" என்று கத்தினேன் என்றே சொல்லவேண்டும். முதியவர்களிடம் நான் குரலுயர்த்துகிறவன் அல்லன்.

அவர்கள் மெதுவாக எழுந்தார்கள். "பஸ்ஸில எண்ணினாங்க ஐயா. இருபத்தாறு, எல்லாரும் வந்தாச்சுன்னாங்க. நீங்க எங்களை எண்ணுதீங்க. உங்களை எண்ண ஆள் இல்லையே. அதான் உக்காந்துட்டேன்."

அதிகாரி பலமுறை சொல்லியும் ஆங்கிலம் புரியாதவர்போல் இருந்துவிட்டார்களாம். பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாடம் எடுத்தவர்கள் அவர்கள். ஒரு மூதாட்டி கரையில் இருக்கும்வரை கப்பல் நகராது என்று உறுதியாக நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை தவறு. அதிகாரி என்னிடம் அதைக் கோபமின்றி, ஒரு தகவலாகவே சொன்னார்: இன்னும் ஐந்து நிமிடத்தில் பாலத்தை எடுத்திருப்போம். துறையிலிருந்து கப்பலை வெளியே நடத்தும் வழிகாட்டி மாலுமி குறித்த நேரத்துக்கு ஏறிவிட்டார். நிற்குமிடம் வேறு கப்பலுக்குக் கொடுக்கப்பட்டிருக்கலாம். பிந்திய நேரத்தைக் கடலில் ஈடுசெய்ய எரிபொருள் கூடுதலாக வேண்டும். அடுத்த துறையில் எண்ணற்றோர் காத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்காக அதையெல்லாம் நிறுத்த முடியாது. டீச்சரம்மாவின் அட்டையைக் கருவியில் காட்டினார்கள், ஒரு மணியோசை. என் அட்டை, இன்னொரு மணியோசை. எங்களுக்குப் பின்னால் பாலம் எடுக்கப்பட்டது.

நான் பிந்தினால் நான்தான் கரையில் நிற்பேன் என்றே அதுவரை கணக்கிட்டிருந்தேன். எழுபத்து நான்கு வயதில், இருதய மாத்திரையின்றி, அந்நியக் கரையில் ஒருவர் எனக்காக நின்றிருப்பார் என்பது என் கணக்கில் எங்குமே இல்லை.

பிற்பகல் முழுவதும் சாமு தீவு வலப்பக்கமாகக் கடந்துபோயிற்று. சபையாரின் முகத்தைப் பார்க்கக் கூசி, மேல்தளத்தில் தனியே அமர்ந்து அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரத்தைத் திறந்தேன். நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே நீர்ப்பரப்பு. அதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அன்றுதான் அதைக் கப்பலேறுகிறவனாக வாசித்தேன். துரோவாவில் பவுல், மறுநாள் புறப்படவேண்டியவர், நடு இரவுவரை பேசி ஓர் இளைஞன் ஜன்னலிலிருந்து தூங்கி விழுகிறான். (அரங்கத்தில் என் வழிகாட்டி கடிகாரத்தைத் தட்டியது நினைவுக்கு வந்தது.) பின்பு உடன் வந்தவர்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு, தாம் தரைவழியாக நடந்து ஆசோவில் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். கப்பல் முனையைச் சுற்றி வரும் நேரத்தையும் தம் கால் நடக்கும் நேரத்தையும் சரியாகக் கணித்தவர் அவர். அப்படிப்பட்டவர் எபேசுவுக்கு மட்டும் போகவில்லை. மூன்றாண்டுகள் கண்ணீரோடு ஊழியம் செய்த பட்டணம்; அதன் துறைமுகம் அப்போது மூடிப்போகவில்லை. பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேமில் இருக்கவேண்டும் என்பதற்காக அதை ஒதுக்கிக் கடந்து, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தெற்கே மிலேத்துவில் நின்றுகொண்டு மூப்பர்களை அங்கே அழைக்கிறார்.

ஆளனுப்பி அவர்களை வரவழைக்க ஓரிரு நாளாவது ஆகியிருக்கும். ஆகவே நேரம் மட்டும் காரணமாய் இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் தம் மனத்தை அறிந்திருந்தார். எபேசுவின் வீதியில் ஒருமுறை கால் வைத்தால் ஒவ்வொரு வீடும் அழைக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோயாளி, ஒரு வழக்கு, ஒரு விருந்து. அவற்றுள் ஒன்றும் தீயதல்ல. தகாத இடங்களை விட்டுப் புறப்படுவது அவருக்கு எளிது; அன்பான இடத்தை விட்டுப் புறப்படுவது கடினம். ஆகையால் இறங்குவதற்கு முன்னமே தீர்மானித்துவிட்டார். நான் பேருந்தின் ஜன்னலில் குன்றைக் கண்ட பின்பு தீர்மானித்தேன். மூப்பர்கள் மிலேத்துவில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது, கப்பல்வரை வந்து வழியனுப்பினார்கள் என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். கப்பலடிவரை வருகிற அன்பு எது என்று அன்று மதியம் கண்டிருந்தேன்.

புறப்படவிருக்கிற நம் சபையாருக்கு இரண்டொரு காரியங்கள். நாள்தோறும் அறைக்கு வரும் நிகழ்ச்சித்தாளில் கரையிலுள்ள முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் படநகல் ஒன்று உடலோடு இருக்கட்டும். மாத்திரைகளை அறையில் விட்டு இறங்காதீர்கள். சாந்தோரினியில் இன்னும் கவனம் தேவை. அங்கே கப்பல் கரையை ஒட்டுவதில்லை. படகில் இறங்கி, செங்குத்தான பாறையின் உச்சியிலுள்ள ஊருக்கு ரோப் காரில் ஏறவேண்டும். ஏறும்போது வரிசை பெரிதாக இராது. இறங்கும்போது எல்லாக் கப்பல்களின் பயணிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். மாற்றுவழி ஏறக்குறைய 600 படிகள், அதுவும் கழுதைகளோடு பகிர்ந்துகொள்ளவேண்டிய படிகள். முழங்கால் வலியுள்ளவர்கள் சூரிய அஸ்தமனத்தைக் கப்பலின் மேல்தளத்திலிருந்தே பாருங்கள். அங்கிருந்தும் அது அழகுதான். ஒருவர் உங்களிடம் ஒரு நேரத்தைச் சொன்னால், அது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்று கேளுங்கள்.

அன்று மாலை பத்முவில் சிறு படகுகளில் கரை சேர்ந்தோம். யோவான் தரிசனம் கண்டதாகச் சொல்லப்படும் குகைக்கு மற்றவர்களோடு போய், மற்றவர்களோடு திரும்பினேன். மேலே மடாலயத்துக்குப் போகலாமா என்று இருவர் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். இருட்டிவிட்டது. துறையில் விளக்கடியில் எல்லாரையும் நிறுத்தி வழக்கம்போல் எண்ணத் தொடங்கினேன். டீச்சரம்மா முன்னே வந்து என் கையை மெல்ல விலக்கினார்கள்.

"நீங்க வரிசையில நில்லுங்க ஐயா" என்றார்கள்.

போய் நின்றேன். அவர்கள் பள்ளிக்கூடத்துக் குரலில், விரலை நீட்டி, என்னிலிருந்து தொடங்கினார்கள்: "ஒன்று."